நாலு மணி நிழல்

ஆறேகால் ஆகிறது. ராசு மேஸ்திரி ஏழரைக்குக் கடப்பாரையோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், என் மனைவி சுலோச்சனா ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி முடித்து எட்டேகாலுக்கு வந்து சேருவாள், நடுவில் இருக்கிற முக்கால் மணி நேரம் போதும் எனக்கு. அதற்குள் இந்தப் புழக்கடைத் தரையில் கால்வாசியாவது பெயர்ந்து கிடக்கும், அவள் தோளில் பையோடு வந்து எட்டிப் பார்த்து வாயைப் பிளந்து நிற்பாள், நான் ஒன்றுமே நடக்காத மாதிரி காப்பி ஆற்றிக்கொண்டிருப்பேன். நினைக்கும்போதே சிரிப்பு வருகிறது. அறுபத்து மூன்று வயதுக்காரன் விடியற்காலையில் புழக்கடைப் படியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும், சட்டைப் பையில் விதைப் பொட்டலம் கிலுகிலுவென்று சத்தம் போடும்போது எவனால் சிரிக்காமல் இருக்க முடியும். பீர்க்கு ஒரு பொட்டலம், சங்குப்பூ ஒரு பொட்டலம். பீர்க்கு நாற்பத்தைந்து நாளில் பந்தல் ஏறிவிடும் என்று விதைக்கடைக்காரர் அடித்துச் சொன்னார். மாசி பிறந்து மூன்று நாள் ஆகிறது, இன்றைக்கு சிமெண்டை உடைத்துக் குழி எடுத்து, நாளைக்குச் செம்மண்ணும் தொழு உரமும் கொட்டி, ஞாயிற்றுக்கிழமை விதை ஊன்றினால் பங்குனிக் கடைசியில் பந்தல் நிறைய இலை, சித்திரையில் மஞ்சள் மஞ்சளாகப் பூ, அக்கினி நட்சத்திரம் வந்து இந்த ஈரோட்டையே வாணலியில் போட்டு வறுக்கும்போது என் வீட்டுப் பின்னால் மட்டும் ஒரு பச்சைக் கூரை. மடியில் கிராஃப் தாள் இருக்கிறது. ஓரடிக்கு ஒரு சென்டிமீட்டர். கிழக்கு மேற்காக இருபத்து நாலு அடி, தெற்கு வடக்காகப் பதினெட்டு, பந்தலுக்குப் பச்சை பென்சில், நாற்காலிக்குச் சிவப்பு, மேல் மூலையில் வடக்கு அம்புக்குறி. முப்பத்து நாலு வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்த கை வடக்கு போடாமல் ஒரு படம் வரையுமா? பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின்னால் "உருண்டை" என்று பெயர், உடம்பைப் பார்த்து வைத்தது இல்லை, எந்த வகுப்புக்குப் போனாலும் பூமி உருண்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவேன், அதனால். உடம்பைப் பார்த்தும் வைத்திருக்கலாம், யார் கண்டது.

இந்தத் தரையையும் ராசு மேஸ்திரிதான் போட்டார். பதினேழு வருஷம் ஆகிவிட்டது. அவரைப் போய்க் கூப்பிட்டபோது, "நாம போட்டத நாமே ஒடைக்கறதுங்களா சார்?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். போடும்போது என்ன காரணம் சொன்னேன், பெருச்சாளி மண்ணைத் தோண்டுகிறது, மழை வந்தால் சேறு, ஒரு தடவை சாரைப்பாம்பு ஒன்று துணி துவைக்கிற கல்லுக்கு அடியிலிருந்து நிதானமாக வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு நிதானமாகவே திரும்பிப் போனது, அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. எல்லாம் நியாயமான காரணங்கள். அவள் டூட்டி முடித்து அலுத்து வருகிறவள், சேற்றில் வழுக்கி விழக்கூடாது என்றும் ஒரு காரணம் சேர்த்துக்கொண்டேன், அது மற்றவற்றைவிட அழகாக இருந்ததால் எல்லாரிடமும் அதையே சொன்னேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. அவளிடம் எதுவுமே சொல்லவில்லை, வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று நினைத்தேன். அன்றைக்கும் அவளுக்கு ராத்திரி டூட்டிதான். அதற்கு முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் இங்கே மண்தான் இருந்தது, ஓரமாக ரெண்டு கத்தரி, டிசம்பர் பூச்செடி, அந்த வடமேற்கு மூலைப் பக்கம் அந்திமந்தாரை, ரோஸும் மஞ்சளுமாக. அவளாக வைத்தவை. ராத்திரியோடு ராத்திரியாக விளக்குப் போட்டு ராசு ஆட்கள் தரையை முடித்துவிட்டார்கள். காலையில் வந்தாள், கையில் பையோடு இதோ நான் உட்கார்ந்திருக்கிற இந்தப் படியில் நின்றாள், சாம்பல் நிறத்தில் ஈரமாகப் பளபளவென்று இருந்த தரையைப் பார்த்தாள். கத்துவாள் என்று கொஞ்சம் பயந்தேன், கத்தவில்லை. "மிதிக்கலாமுங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். "இன்னிக்கு வேண்டாம், காயோணும், நாளைக்கு மிதிக்கலாம்" என்று நான் பொறுப்பாகப் பதில் சொன்னேன். சரியென்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் மிதித்தாள், துணி காயப்போட்டாள், மிளகாய் காயப்போட்டாள், பதினேழு வருஷத்தில் ஒரு தடவைகூட அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் வீட்டிலேயே ஒருத்தி என்னிடம் விருந்தாளி மாதிரி அனுமதி கேட்டாள் என்பது எனக்கு உறைப்பதற்கு எத்தனை வருஷம் ஆயிற்று. சரி, போகட்டும், இதையே சுற்றிச் சுற்றி வந்தால் காப்பி ஆறிப்போகும். அதைச் சரி செய்யத்தானே இன்றைக்கு மேஸ்திரி வருகிறார்.

சந்தோஷமான விஷயத்தை நினைப்போம். வைகாசி பதினேழு, அதாவது மே முப்பத்தொன்று, சுலோச்சனாவுக்குப் பணி ஓய்வு. பெரியாஸ்பத்திரியில் சாதாரண நர்ஸாகச் சேர்ந்து ஒவ்வொரு படியாக ஏறி இப்போது ராத்திரி சூப்பர்வைசர், எல்லா வார்டும் சுற்றி வருகிற வேலை. கார்த்திகையில் பெங்களூரிலிருந்து மகள் போன் பண்ணி, ரிட்டையர் ஆனதும் காசிக்குப் போறியா, சிங்கப்பூர் போறியா, என்னம்மா பண்ணப் போறே என்று கேட்டாள். இவள் பூண்டு உரித்துக்கொண்டே, "நாலு மணிக்கு வெளியில ஒரு சேரப் போட்டு உக்காருவேன்" என்றாள். "உக்காந்து?" என்று மகள் கேட்டாள். "உக்காந்து என்ன, உக்காருவேன். அவ்ளோதான்." ஸ்பீக்கரில் மகள் சிரித்தாள், நானும் சிரித்தேன், அப்புறம் பூண்டுத் தோலைக் கூட்டித் தள்ளும்போது எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. நாலு மணி என்றால் ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம், ஆரஞ்சுப் பழமும் அழுகையும் சொந்தக்காரச் சண்டையும் ஒரே நேரத்தில் வார்டுக்குள் நுழைகிற நேரம். ராத்திரி டூட்டி வாரத்தில் நாலு மணிக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவாள். முப்பத்தைந்து வருஷமாக நாலு மணி வெய்யில் சாய்வதை அவள் பார்த்ததில்லை. ஒரு நாற்காலி, ஒரு நிழல், வெளியில், நாலு மணிக்கு. இதைக்கூடச் செய்து கொடுக்க முடியாதவன் உலக வரைபடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். ஜூன் ஒன்றாம் தேதி நாலு மணிக்கு அவள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும், மேலே நிழல் இருக்க வேண்டும், கால் கீழே மண் இருக்க வேண்டும். இந்தத் தடவை தப்பக்கூடாது. ஒரு தடவை தப்பினால் தெரியாமல் செய்தது என்று விட்டுவிடலாம், ரெண்டாம் தடவையும் தப்பினால் அவள் மறுபடியும் அந்தக் குரலில் என்னிடம் அனுமதி கேட்பாள், அதை என்னால் தாங்க முடியாது, அதைவிட நாலு அறை வாங்கிக்கொள்ளலாம்.

அதனால்தான் அளந்தேன். சும்மா குத்துமதிப்பாக இல்லை, விஞ்ஞான முறைப்படி. இந்த வீடு தெற்குப் பார்த்த வீடு, வாஸ்து சரியில்லை என்று யாரும் வாங்காமல் கிடந்தது, திசைக்கு என்னய்யா தெரியும் என்று ஒரு சிரிப்புச் சிரித்து நான் வாங்கினேன். அதனால் புழக்கடை வடக்கே. மார்கழி பதினைந்தில் ஆரம்பித்து நேற்று வரைக்கும், தினமும் சரியாக நாலு மணிக்கு, பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கலர் சாக்பீஸால் நிழலின் ஓரத்தில் கோடு. அழிந்தால் மறுபடியும் கோடு. நிழல் நாளுக்கு நாள் சுவர்ப் பக்கம் ஒரு விரல் ஒதுங்குகிற மாதிரி இருக்கும், என் கைதான் தவறியிருக்கும் என்று முதல் கோட்டையே வைத்துக்கொண்டேன். வீட்டு நிழல் பின்சுவரை ஒட்டிப் பத்தடி அகலத்துக்குப் பாய் விரித்த மாதிரி விழுகிறது, குளுகுளுவென்று, நாற்காலிக்கு அதுதான் இடம் என்று சிவப்பில் ஒரு கட்டம் போட்டேன். பந்தலுக்கு வெய்யில் வேண்டுமே, அது கிழக்கு மூலையில் பச்சைக் கட்டம். உடைக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள். அவளுக்கு ஏதோ நடக்கிறது என்று தெரியும், தரை முழுக்கக் கோடு இருந்தால் தெரியாமல் இருக்குமா. ஒரு நாள் துணி எடுக்க வந்தவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் கட்டங்களுக்குள் ஒற்றைக் காலில் பாண்டி ஆடிக் காட்டினாள், ஐம்பத்தொன்பது வயதில்! "என்னுங்க பண்றீங்க?" என்றாள். "நெழல் அளக்கறேன்" என்றேன். "அளங்க, அளங்க" என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு என்னவோ மாதிரி இருந்தது, எனக்குத் தெரியாத எதற்கோ சிரிக்கிற மாதிரி, அன்றைக்குக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். ஒரே ஒரு தொந்தரவு, அதோ அந்த விரிசல். வடமேற்குப் பக்கம் பக்கத்து வீட்டு வேம்புக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு முழ நீளத்துக்கு, வாயைத் திறந்து கிடக்கிறது. ராசு மேஸ்திரியின் மற்ற வேலையெல்லாம் அப்படியே இருக்கிறது, இது மட்டும் மூன்று தடவை அவரைக் கூப்பிட்டுப் பூசியாயிற்று, நானாகவே கரண்டி எடுத்து வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவை பூசுகிறேன், ரெண்டு மாதம்கூட நிற்பதில்லை. அதற்குள் ஏதோ களை வேறு முளைக்கும், பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் பூச வேண்டும். அவளும் அரிசி கழுவின தண்ணீரை எப்போது பார்த்தாலும் அங்கேயே கொண்டுபோய் ஊற்றுகிறாள், ஈரம் நின்றால் சிமெண்ட் எப்படிப் பிடிக்கும். வேம்பின் வேராக இருக்கும் என்று மேஸ்திரி சொல்வார். இருக்கும்.

ஏழாகப் போகிறது. வெளிச்சம் வந்துவிட்டது, கிழக்குச் சுவருக்கு மேலே ஆரஞ்சு நிறம் ஏறுகிறது, என்ன அழகு, தினமும் வருகிற சூரியன்தான், இருந்தாலும் இன்றைக்கு என் புழக்கடையைப் பார்க்க வருகிற மாதிரி இருக்கிறது. வா, வா. நீ வருகிற இடத்துக்குக்கூட நான் அடையாளம் வைத்திருக்கிறேன், மார்கழியில் அளக்க ஆரம்பித்த முதல் நாள் இந்தப் படியில் உட்கார்ந்து பார்த்து அந்தச் சுவரில் மஞ்சள் சாக்பீஸால் ஓர் அம்பு, கீழே "சூரியன்" என்று எழுதியிருக்கிறேன், பார். இதோ வந்துவிட்டது. வந்துவிட்டது, ஆனால் அம்புக்கு மேலே இல்லையே. இடது பக்கம் தள்ளி வருகிறதே. நாலடி இருக்குமா, நாலடி இருக்கும், பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டியை ஒட்டி வருகிறது. நான் உட்கார்ந்த இடம் மாறிவிட்டதா, இல்லை, அதே படி, அதே தூண், முதுகில் அதே இடத்தில் குத்துகிறது. சூரியன்தான் வடக்கே நகர்ந்திருக்கிறது. ஆமாம், நகரத்தானே செய்யும், தை பிறந்தால் உத்தராயணம், வடக்கே, வடக்கே, வடக்கே... அய்யய்யோ. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன், நல்ல வேளை. சென்னியப்பா, பூகோள வாத்தியாரே, நீ என்ன காரியம் பண்ணியிருக்கிறாய்! சித்திரை பிறந்து ஆறேழு நாளில் சூரியன் நம் ஊர் உச்சிக்கு நேராக வந்து நிற்கும், அப்புறம் நம்மைத் தாண்டி வடக்கே போய் ஆவணி வரைக்கும் அந்தப் பக்கம்தான், எட்டாம் வகுப்பில் ஐந்து மார்க் கேள்வி, தப்பாக எழுதின எத்தனை பேருக்கு முட்டை போட்டிருப்பேன், உருண்டையைச் சாய்த்துப் பிடித்து டார்ச் லைட் அடித்து முப்பத்து நாலு வருஷம் காட்டியிருக்கிறேன், அந்த உருண்டை மேல் என் வீடும் இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை! வைகாசியில் நாலு மணிக்கு வெய்யில் வடமேற்கிலிருந்து வரும், என்னுடைய சிவப்புக் கட்டத்தில், பின்சுவரில், முகத்துக்கு நேராக அடிக்கும். குளுகுளு இடம் என்று நான் போட்ட கட்டத்தில் அன்றைக்கு அப்பளம் காயப்போடலாம். மார்கழி நிழலை அளந்து வைகாசிக்கு நாற்காலி போட்டிருக்கிறேன். கம்பளிச் சட்டைக்கு அளவெடுத்து... வேண்டாம், எனக்கே வெட்கமாக இருக்கிறது, சிரிப்பும் வருகிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன், பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது.

சிரித்து முடித்தால் அடியில் வேறொன்று கிடக்கிறது. அவள் சிரித்தாளே, அளங்க அளங்க என்று. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இந்தத் தரையில் எந்த மாதம் எந்த நேரம் எங்கே வெய்யில், எங்கே நிழல் என்று அவளுக்குத் தெரியாதா, பதினேழு வருஷமாக இங்கே துணி காயப்போடுகிறவள் அவள், வற்றலையும் மிளகாயையும் இங்கிருந்து அங்கே மாற்றி மாற்றிப் போடுகிறவள் அவள், நான் ஒன்றரை மாதம் சாக்பீஸோடு தவழ்ந்ததற்குப் பதிலாக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பூண்டு உரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. அன்றைக்கும் ராத்திரி டூட்டி, இன்றைக்கும் ராத்திரி டூட்டி. அன்றைக்கும் அதே ராசு மேஸ்திரி, வந்து பார்த்து அசந்து போகட்டும் என்கிற அதே நினைப்பு. சூரியன் தப்பானது பெரிய தப்பே இல்லை, அதை ஒரு தாளைக் கிழித்துப் போட்டால் சரி பண்ணிவிடலாம். அவள் இல்லாத நேரம் பார்த்து அவள் புழக்கடையில் கை வைப்பதற்கு மறுபடியும் தயாராகிவிட்டேனே, அதுவும் அவளுக்காக என்று சொல்லிக்கொண்டு, கிலுகிலுவென்று சந்தோஷமாக! போனை எடு, மேஸ்திரியை வர வேண்டாம் என்று சொல். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை, மறுபடியும் அடிக்கிறது, வண்டியில் வந்துகொண்டிருப்பார். வரட்டும். வந்தால் உட்கார வைப்போம். சுலோ வரும் வரைக்கும் இந்தத் தரையில் ஒரு அடி விழக்கூடாது. இதைத் தீர்மானித்ததும் நெஞ்சில் ஏதோ கட்டு அவிழ்ந்த மாதிரி இருக்கிறது, இத்தனை நாள் பரபரப்பைத்தான் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, இது வேறு, இது நிதானமாக, மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது.

ஏழரைக்குச் சொன்னபடி வந்துவிட்டார், மனுஷன் எந்தக் காலத்திலும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை, இன்றைக்கென்று பார்த்து. கடப்பாரை, பெரிய சுத்தியல், உளி எல்லாம் இறக்கி வைத்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, "எங்கீங்க சார் ஆரம்பிக்கோணும்? மஞ்சக் கோடுதானுங்களே?" என்கிறார். அதெல்லாம் தப்புக் கோடு ராசு, உட்காருங்க, டீ போடுகிறேன் என்கிறேன். டீ குடித்தார். "வெய்ய ஏறிப் போச்சுன்னா சுத்தியல் புடிக்க முடியாதுங்க சார்" என்கிறார். ஏறட்டும், உங்க சுலோச்சனா சிஸ்டர் வந்து சொல்லட்டும் என்கிறேன். என்னை ஒரு மாதிரி பார்க்கிறார், அன்றைக்கு ஏன் இந்த யோசனை வரவில்லை என்று கேட்கிற மாதிரி இருக்கிறது, அவர் அப்படி ஒன்றும் நினைத்திருக்க மாட்டார், இன்னொரு டீ கிடைக்குமா என்று பார்த்திருப்பார். இன்னொரு டீ போட்டேன். எட்டு. எட்டு ஐந்து. கேட் சத்தம் ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் கேட்கிறது, பால்காரர், பேப்பர்காரர். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட இப்படி அடித்துக்கொள்ளவில்லை. எட்டேகால், கேட், பை உரசுகிற சத்தம், அவள்தான்.

வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, வெள்ளை ஷூ கால்களோடு நேராகப் புழக்கடைப் படிக்கு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. மேஸ்திரியைப் பார்த்தாள், கடப்பாரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னுங்க, ராசண்ணன் காலங்காத்தால?"

"இந்தத் தரைய ஒடைக்கலாம்னு."

"எப்ப முடிவு பண்ணுனீங்க?"

"கார்த்திகைல."

"என்றகிட்டச் சொல்லோணும்னு எப்பத் தோணுச்சு?"

"ஏழு மணிக்கு" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. "சூரியன் தள்ளி வந்துருச்சு சுலோ. எல்லாங் கோடும் தப்பு. அன்னிக்கு மாதிரியே இன்னிக்கும் பண்ணப் பாத்தேன். ஒனக்கு நாலு மணிக்குச் சேரு எங்க வேணும்னு நீ சொல்லு. வேண்டாம்னாலுஞ் சொல்லு, ராசுவ அனுப்பிச்சர்றேன்."

பையைக் கழற்றி என் தோளில் மாட்டினாள். ஓரமாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் என் சிவப்புக் கட்டத்தில் வைத்து, "இங்கெயா உக்காரச் சொல்றீங்க? வைகாசில நாலு மணிக்கு இங்கெ உக்காந்தா நாங் கருவாடுதான்" என்றாள். அப்புறம் அங்கிருந்து தூக்கினாள். என் மஞ்சள் கோடு, பச்சைக் கோடு எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு நேராக அந்த விரிசலுக்குப் போய், அதற்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, உட்கார்ந்தாள்.

"சித்திரைல இருந்து ஆடி முடிய, நாலு மணிக்கு அந்த வேம்பு நெழலு இங்கெ வந்து உழுகும். பந்தல் வேணும்னா அந்த மேக்கால மூலைல போடுங்க, வெயிலக் கட்டும்."

"ஒன்றர மாசமா நான் கோடு போட்டனே, சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க கேக்கலீங்களே. அதுமில்லாம நல்லாச் சந்தோசமா அளந்துட்டு இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கோணும்னு உட்டுட்டேன்."

மேஸ்திரி கடப்பாரையை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார். விரிசலைக் குனிந்து பார்த்து, "இதொண்ணுதானுஞ் சிஸ்டர், எம் பேரக் கெடுத்துது. எத்தன தடவ பூசுனாலும் நிக்கமாட்டீங்குது" என்று குறைப்பட்டார்.

"எப்படிண்ணா நிக்கும்? நாந்தான் நோண்டிப்போடுவனே."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்து, கள்ளத்தனமாகச் சிரித்துக்கொண்டு சொன்னாள். "வார்டுல கழிச்சுப் போட்ட கத்திரிக்கோலு ஒண்ணு வெச்சிருக்கறேன், சமையக்கட்டுல, பருப்பு டப்பாவுக்குப் பின்னால. இவிய பூசுவாங்க, நான் நோண்டுவேன். பதினேழு வருசமா நாங்க ரண்டு பேரும் இந்த வேலயப் பண்ணீட்டு இருக்கறம்." அதற்குப் பிறகு என்னைப் பார்த்தாள். "ஒரே ஒருக்கா, நீங்க பேப்பர் திருத்தறதுக்குச் சேலம் போயிருந்த பத்து நாள்ல, நாலு பூப் பூத்துது. ரோஸு."

மேஸ்திரி விரிசலுக்குள் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். அவர் போட்ட தரை அவருக்குக் கட்டுப்பட்டது, ரெண்டாவது நெம்பிலேயே ஒரு பெரிய பாளம் விட்டு எழும்பிற்று, ரெண்டு பேருமாகப் பிடித்துப் புரட்டினோம். கீழே மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. அத்தனை வருஷத்து அரிசி கழுவின தண்ணீர். மண் வாசனை குப்பென்று வந்தது. நடுவில் கை மொத்தத்துக்குக் கறுத்த கிழங்கு ஒன்று, சுருக்கம் விழுந்து, வளைந்து படுத்திருந்தது. "மரவள்ளிக் கெழங்காட்ட இருக்குதுங்" என்றார் மேஸ்திரி. அதன் உச்சியில் வெளிறின பச்சையில் ஒரு முளை இருந்தது. அந்த முளையை எனக்கு நன்றாகத் தெரியும், ஒவ்வொரு தடவையும் பூசுவதற்கு முன்னால் களை என்று நான்தான் பிடுங்கி எறிவேன். அந்திமந்தாரை.

சுலோச்சனா எழுந்து குனிந்து ஒரு ஷூவைக் கழற்றினாள், அப்புறம் இன்னொன்று, சாக்ஸை உருவி ஷூவுக்குள் திணித்தாள். ராத்திரி முழுக்க நடந்த கால், சாக்ஸ் அச்சு வரிவரியாகப் பதிந்திருந்தது. மண்ணின் ஓரத்தில் வந்து நின்று, கழுத்தைச் சாய்த்து என்னிடம் கேட்டாள்.

"மிதிக்கலாமுங்களா?"

கேலிதான். கண்ணெல்லாம் சிரிப்பு. எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மேஸ்திரி நாகரிகமாகக் கடப்பாரை முனையைத் துடைக்க ஆரம்பித்தார். "என்னயக் கேக்காத புள்ள, மிதி" என்றேன். வலது காலை வைத்தாள், விரல்களை மண்ணுக்குள் அழுத்தினாள், இடது காலையும் வைத்தாள், கிழங்கின் மேல் பட்டுவிடாமல். "ஐயோ, சில்லுனு இருக்குதுங்க" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள். நான் செருப்பைக் கழற்றினேன். தோளில் அவளுடைய பை, சட்டைப் பையில் கிலுகிலுக்கிற விதை, கையில் உதவாத கிராஃப் தாள், இத்தனையோடும் அந்த மண் ஓரம் வரைக்கும் போய் நின்று, அவளிடம் கேட்டேன்.

"நான் மிதிக்கலாமா சுலோ?"